2,008 இடம் இருந்தும் படகு போதவில்லை: ஆண்ட்ரியா டோரியாவிலிருந்து 1,660 பேர் தப்பியது எப்படி?

1956 ஜூலை 25, நள்ளிரவு நெருங்கும் நேரம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே நடுக்கடலில் இருந்த ஓர் இத்தாலியக் கப்பல் வானொலித் தந்தி அனுப்பியது. ஆபத்து உடனடியானது, 1,000 பயணிகளையும் 500 சிப்பந்திகளையும் இறக்கப் படகுகள் வேண்டும், எங்களுக்கு உயிர்காப்புப் படகுகள் வேண்டும். செய்தி அவ்வளவுதான். பக்கத்தில் போன கப்பல்களில் அதைக் கேட்டவர்கள் முதலில் குழம்பிப்போனார்கள். ஆண்ட்ரியா டோரியா என்ற அந்தக் கப்பல் கட்டி முடித்து ஓடத் தொடங்கி மூன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. நீளம் 213 மீட்டர். எல்லா நவீன வசதியும் உண்டு. போதுமான படகுகளும் அதில் இருந்தன. பிறகு ஏன் அடுத்தவரிடம் படகு கேட்கிறது?

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான விடைதான். அதைப் புரிந்துகொண்டால், கடலில் மீட்பு என்பது எப்படி நடக்கிறது, எங்கே தவறிப்போகிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். கப்பலில் இருந்தவர்கள் 1,134 பயணிகள், 572 சிப்பந்திகள், ஆக 1,706 பேர். உயிர்காப்புப் படகுகள் 16. அவற்றில் பன்னிரண்டில் தலா 146 பேர், இரண்டில் தலா 70 பேர், இன்னும் இரண்டில் தலா 58 பேர் உட்காரலாம். கூட்டினால் 2,008 இடங்கள். ஆளுக்கு ஓர் இடம் போக 300 இடம் மீதி. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது சுமார் 2,200 பேருக்கு 1,178 இடம்தான் இருந்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் எல்லோருக்கும் படகு என்ற விதியே வந்தது. ஆண்ட்ரியா டோரியா அந்த விதியைக் குறைவில்லாமல் நிறைவேற்றிய கப்பல்.

ஆனால் படகுகள் பக்கத்துக்கு எட்டாகப் பிரித்துத் தொங்கவிடப்பட்டிருந்தன. வலப்புறம் 1,004 இடம், இடப்புறம் 1,004 இடம். ஒரு பக்கம் வீணானால் மறுபக்கம் மட்டும் 1,706 பேருக்குப் போதாது. அன்றிரவு ஒரு பக்கம் முழுவதும் வீணானது.

மோதல்

ஆண்ட்ரியா டோரியா ஜெனோவாவில் கிளம்பி நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை போய்ச் சேர வேண்டும். எதிர்த்திசையில், அன்று பகலில்தான் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஸ்டாக்ஹோம் என்ற சுவீடன் நாட்டுக் கப்பல் வந்தது. அளவில் சிறியது, 160 மீட்டர்தான். ஆனால் பனிக்கட்டி மிதக்கும் வடகடல்களில் ஓடுவதற்காக அதன் அணியத்தை, அதாவது முன்முனையை, கூடுதல் இரும்பு போட்டுக் கெட்டியாக்கியிருந்தார்கள்.

நான்டக்கெட் பக்கம் ஜூலையில் மூடுபனி வழக்கம். தெற்கிலிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்று வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டத்தின்மேல் படும்போது, காற்றிலுள்ள ஈரம் நுண்துளிகளாக மாறிக் கடல்மேல் போர்வை போலப் படிந்துவிடும். ஆண்ட்ரியா டோரியா மதியத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட பனிக்குள் நுழைந்தது. சங்கு ஊதிக்கொண்டே போனது. வேகத்தை மட்டும் 23 நாட்டிலிருந்து 21.8 நாட்டாகத்தான் குறைத்தார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். கண் தெரியாத இடத்தில் அது மிக அதிக வேகம். குறித்த நேரத்துக்குத் துறைமுகம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்துப் பெரிய கப்பல்கள் எல்லாமே இப்படித்தான் ஓடின. எல்லோரும் செய்ததால் அது சரியாகிவிடாது.

இரண்டு கப்பலிலும் ராடார் இருந்தது. இரவு 10.45 மணிவாக்கில் ஆண்ட்ரியா டோரியாவின் திரையில் 17 கடல் மைல் தொலைவில் ஒரு புள்ளி தோன்றியது. ஒரு கப்பல் ஏறக்குறைய 22 நாட் வேகத்தில் போகிறது, மற்றது 18 நாட் வேகத்தில் வருகிறது. இரண்டும் சேர்ந்து மணிக்கு 40 கடல் மைல் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பதினேழு மைலைக் கடக்க 25 நிமிடம் ஆகும். மோதல் நடந்தது 11.10 மணிக்கு. கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த 25 நிமிடமும் அவர்களுக்கு இருந்தது.

அதை எப்படிப் பயன்படுத்தியிருக்க வேண்டும்? ராடார் காட்டும் புள்ளியைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு கோடு கிடைக்கும். மற்றக் கப்பல் எந்தத் திசையில், எந்த வேகத்தில் வருகிறது, எவ்வளவு நெருக்கத்தில் கடக்கும் என்பதையெல்லாம் அந்தக் கோடு சொல்லிவிடும். மாலுமிகள் மனப்பாடமாக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: அடுத்த கப்பல் தெரியும் கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், மோதப் போகிறது என்று பொருள். ஆண்ட்ரியா டோரியாவில் அப்படித் தாளில் குறிக்கவில்லை. திரையைப் பார்த்து மனக்கணக்காகவே முடிவெடுத்தார்கள். ஸ்டாக்ஹோமில் 26 வயது மூன்றாம் அதிகாரி ஒருவர் மட்டும் பொறுப்பில் இருந்தார். அவர் ராடாரின் தூர அளவைத் தவறாகப் படித்திருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்களில் சிலர் கருதுகிறார்கள்.

நம் ஊர்ச் சாலையில் இடப்பக்கம் ஒதுங்கிப் போகிறோம். கடலில் நேருக்கு நேர் வரும் இரண்டு கப்பல்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஆண்ட்ரியா டோரியாவின் கேப்டன் பியெரோ கலமாய், எதிரே வருவது தன் வலப்புறமாகக் கடந்துவிடும் என்று நினைத்து, இடைவெளியைக் கூட்டுவதற்காகக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். ஸ்டாக்ஹோம் விதிப்படி வலப்பக்கம் திரும்பியது. குறுகிய தெருவில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்குவது போல ஆகிவிட்டது. பனிக்குள்ளிருந்து விளக்குகள் கண்ணில் பட்டபோது திருப்ப இடமில்லை. ஸ்டாக்ஹோமின் அணியம் ஆண்ட்ரியா டோரியாவின் வலப்புற விலாவில், கப்பலை ஓட்டும் அறைக்குக் கீழே, ஏறக்குறைய 12 மீட்டர் ஆழத்துக்குப் பாய்ந்தது.

யார்மேல் குற்றம் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை. இரண்டு நிறுவனங்களும் வெளியிலேயே சமரசம் செய்துகொண்டன.

காலித் தொட்டி செய்த வேலை

இனி முக்கியமான இடம். ஓட்டை விழுந்த கப்பல் எல்லாம் உடனே மூழ்காது. பெரிய கப்பலின் வயிற்றைக் குறுக்குத் தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாது. ஆண்ட்ரியா டோரியாவில் இப்படி 11 அறைகள். பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டு நிரம்பினாலும் மிதக்கும் என்று வடிவமைத்திருந்தார்கள். எவ்வளவு மோசமான விபத்திலும் சாய்வு 15 பாகையைத் தாண்டாது என்பதும் அவர்கள் கணக்கு.

மோதிய சில நிமிடங்களிலேயே கப்பல் 18 பாகைக்குமேல் சாய்ந்துவிட்டது. அப்புறம் 20ஐயும் தாண்டியது.

காரணம் அடித்தளத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள். அட்லாண்டிக்கைக் கடந்து முடியும் தறுவாயில் எரிபொருள் பெரும்பாலும் தீர்ந்துபோயிருந்தது, தொட்டிகள் காலி. ஸ்டாக்ஹோம் கிழித்தது வலப்புறத்தில் இருந்த ஐந்து தொட்டிகளை. அவற்றுக்குள் 500 டன் கடல்நீர் புகுந்தது. இடப்புறத்து ஐந்து தொட்டிகளில் காற்று அப்படியே அடைபட்டிருந்தது. ஒரு பக்கம் கனம், மறுபக்கம் மிதவை.

வீட்டில் செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தட்டின் அடியில் இரண்டு பக்கமும் மூடிய காலித் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, வாளி நீரில் மிதக்க விடுங்கள். நேராக மிதக்கும். ஒரு பாட்டிலில் மட்டும் நீர் நிரப்பி மறுபடி விடுங்கள். தட்டு அந்தப் பக்கம் சரியும். இரண்டிலும் சம அளவு நீர் நிரப்பினால் கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும், ஆனால் சரியாது. அதனால்தான் எரிபொருள் தீரத் தீரக் காலித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக் கனத்தைச் சமமாக வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு முறை. அதை அன்று செய்திருக்கவில்லை. எண்ணெய் கலந்த நீரைத் துறைமுகத்தில் அப்படியே கொட்ட முடியாது. வெளியேற்ற, தொட்டியைக் கழுவ, எல்லாவற்றுக்கும் செலவு பிடிக்கும். அந்தச் செலவைத் தவிர்க்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பல கப்பல்களில் இருந்தது.

சாய்வு கூடியதும் அடுத்த கேடு தொடங்கியது. தடுப்புச் சுவர்கள் கப்பலின் உச்சிவரை போகவில்லை. ஒரு குறிப்பிட்ட தளத்தோடு நின்றுவிட்டன. சமையலறை அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகும் சீரகமும் தனித்தனிக் கிண்ணத்தில் பத்திரமாக இருக்கும். பெட்டியைச் சாய்த்தால் ஒரு கிண்ணத்தில் உள்ளது வழிந்து அடுத்ததில் விழும். கப்பலிலும் அதே கதைதான். ஓர் அறையில் நிரம்பிய நீர் சுவரின் தலைக்குமேல் வழிந்து அடுத்த அறைக்குள் போனது. சாய்வினால் நீர் ஏறியது, ஏறிய நீர் சாய்வைக் கூட்டியது. கப்பல் மூழ்கப் போவது உறுதி, எப்போது என்பதுதான் தெரியாது என்ற நிலை வந்தது.

படகுகள் ஏன் இறங்கவில்லை

உயிர்காப்புப் படகு கப்பலின் ஓரத்தில் இரண்டு இரும்புக் கைகளில் தொங்கும். டேவிட் என்பார்கள். அந்தக் கைகள் படகை வெளிப்பக்கம் தள்ளி, கயிற்றை விட்டுக் கடலில் இறக்கும். தள்ளுவது என்று சொன்னாலும் உண்மையில் வேலை செய்வது படகின் சொந்தக் கனம்தான். ஆண்ட்ரியா டோரியாவின் டேவிட்கள் 15 பாகைச் சாய்வுவரை இயங்கக் கூடியவை. அதற்குமேல் போனதும், உயரத் தூக்கிய இடப்புறத்தில் படகின் கனம் கப்பலின் உட்பக்கம் சாய்ந்துவிட்டது. சிப்பந்திகள் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. எட்டுப் படகுகளும் கடைசிவரை அங்கேயே கிடந்தன.

தாழ்ந்த வலப்புறத்தில் இதற்கு நேரெதிரான தொல்லை. படகுகள் எளிதாக வெளியே போய்விட்டன. தளத்தின் ஓரத்துக்கும் படகுக்கும் நடுவே ஆள் தாண்ட முடியாத இடைவெளி. தளத்தில் நின்றபடியே ஏறி உட்கார்ந்து, படகோடு சேர்ந்து இறங்குவதுதான் முறை. அது நடக்காது என்று தெரிந்ததும் படகுகளைக் காலியாகவே நீரில் இறக்கினார்கள். ஆட்கள் கயிற்றிலும் நூலேணியிலும் இறங்கிப் போய் ஏற வேண்டும். எட்டே படகு, அதற்கும் வழி கயிறு. இதுதான் கேப்டன் கலமாய் அடுத்தவரிடம் படகு கேட்டதன் காரணம்.

20 பாகை என்றால் எப்படி இருக்கும்? ஒரு மீட்டர் நீளப் பலகையை எடுத்து ஒரு முனையை 34 சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள். அதுதான் அன்றைய தளத்தின் சரிவு. ஆண்ட்ரியா டோரியாவின் அகலம் 27 மீட்டருக்குச் சற்று அதிகம். இந்தச் சரிவில் ஒரு பக்கத்து ஓரம் மறுபக்கத்தைவிட ஒன்பது மீட்டருக்குமேல் உயர்ந்து நிற்கும். மூன்று மாடி உயரம். போதாததற்குத் தரையெல்லாம் எண்ணெயும் நீரும். பயணிகள் பலர் வழக்கப்படி கூடும் இடங்களுக்குப் போய், உயர்ந்த இடப்புறத்தில் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். படகு இருப்பதோ தாழ்ந்த பக்கத்தில். நிற்க முடியாததால் தரையில் உட்கார்ந்து சறுக்கியே மறுபக்கம் போனார்கள். அந்தச் சூழ்நிலையில் அதுதான் சரியான வழியும்கூட: உட்கார்ந்திருப்பவர் விழ மாட்டார்.

தொல்லைகள் இன்னும் இருந்தன. லைஃப் ஜாக்கெட்டுகள் அறைகளில் இருந்தன. வலப்புறக் கீழ்த்தள அறைகளில் நீர் புகுந்துவிட்டதால் பலர் அவற்றை எடுக்கத் திரும்பிப் போக முடியவில்லை. அறிவிப்புகளை எல்லா மொழிக்காரருக்கும் புரியும்படி சொல்லவில்லை. பாதிப் படகு கிடையாது என்று தெரிந்தால் கலவரம் வரும் என்று அஞ்சி, கப்பலைக் கைவிடும் அபாயச் சங்கையும் கேப்டன் ஒலிக்கவில்லை. அவர் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பல மணி நேரம் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தவர்களின் நிலையையும் நினைக்க வேண்டும். முதலில் புறப்பட்ட படகுகளில் பயணிகளைவிடச் சிப்பந்திகள் அதிகமாக இருந்தார்கள் என்பது அந்த இரவின் கசப்பான உண்மை. அதே சிப்பந்திகளில் பலர் விடியும்வரை தளத்தில் நின்று முதியவர்களைத் தோளில் தூக்கி இறக்கினார்கள் என்பதும் உண்மைதான்.

வந்தவர்கள்

முதல் மீட்பர் யார் தெரியுமா? மோதிய ஸ்டாக்ஹோமேதான். அதன் அணியம் நசுங்கிச் சுருண்டிருந்தது. ஐந்து சிப்பந்திகள் இறந்தார்கள். கேப்டன் குன்னர் நோர்டென்சன் உடனே படகு அனுப்பிவிடவில்லை. தன் கப்பல் மிதக்குமா என்று முதலில் சோதித்தார். நசுங்கிய பகுதிக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர் நீரைத் தாங்கி நிற்கிறது என்று உறுதியான பிறகே படகுகளை விட்டார். கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். அவர் கப்பலிலும் 747 பேர் இருந்தார்கள். மீட்கப் போகிறவர் தானே மூழ்கினால் மீட்க வேண்டியவர் எண்ணிக்கைதான் கூடும். அந்த உடைந்த கப்பல் கடைசியில் 542 பேரை ஏற்றிக்கொண்டது.

அடுத்து வந்தது கேப் ஆன் என்ற சரக்குக் கப்பல். நள்ளிரவுக்குப் பிறகு அரைமணி, முக்கால் மணிக்குள் வந்துவிட்டது. அதனிடம் இருந்தது இரண்டே படகு. போகவும் வரவுமாக அவற்றை வைத்தே 129 பேரைக் காப்பாற்றியது. அமெரிக்கக் கடற்படையின் வில்லியம் எச். தாமஸ் 158 பேரை ஏற்றியது.

இப்படியே போயிருந்தால் விடிய விடிய ஆகியிருக்கும். நிலைமையை மாற்றியது இல் தெ பிரான்ஸ். அதுவும் அன்று நியூயார்க்கிலிருந்து பிரான்சுக்குக் கிளம்பிய பெரிய பயணிகள் கப்பல். தந்தி கேட்டபோது விபத்து நடந்த இடத்தைத் தாண்டி 44 கடல் மைல், அதாவது 80 கிலோமீட்டருக்குமேல், போய்விட்டிருந்தது. கேப்டன் ராவுல் தெ போதேயான் யோசித்தார். திரும்பினால் எரிபொருள் செலவு, பயணத் தாமதம்; பனிக்குள் முழு வேகத்தில் போவதோ ஆபத்து. வேறு கப்பல்கள் அருகில் இருக்கின்றன என்றும் தெரிகிறது. ஆனால் அவர் பிடித்துக்கொண்டது தந்தியில் இருந்த ஒரு சொல்லை: படகு. சரக்குக் கப்பலிடம் இரண்டு படகு இருக்கும். தன்னிடம் உள்ளதோ ஒரு பெரிய பயணிகள் கப்பலுக்கான படகு வரிசை. கப்பலைத் திருப்பினார்.

சுமார் 22 நாட் வேகத்தில் இரண்டு மணி நேரப் பயணம். போகும்போதே வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். படகுகளின் உறையைக் கழற்றி இறக்கத் தயாராக வைத்தல், துடுப்புப் போடுகிறவர்களைப் பொறுக்கி எடுத்தல், மருத்துவ அறையை ஒழித்தல், போர்வைகளைச் சேர்த்தல், சமையற்கட்டில் காபியும் சூடான உணவும். போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கினால் ஒரு மணி நேரம் வீண் என்பது அவருக்குத் தெரியும்.

அதிகாலை இரண்டு மணிவாக்கில் நெருங்கியபோது பனி விலகியது. அவர் செய்த அடுத்த காரியம் சின்னதாகத் தெரியும், ஆனால் தப்பியவர்கள் பலர் மறக்காமல் சொன்னது அதைத்தான். கப்பலின் எல்லா விளக்குகளையும், புகைபோக்கிகளுக்கு நடுவே கப்பலின் பெயரைக் காட்டும் பெரிய ஒளி எழுத்துகளையும் ஏற்றச் சொன்னார். மூன்று மணி நேரமாக இருளில் தொங்கியவர்களுக்கு உதவி வந்துவிட்டது என்பது எழுத்தாகவே தெரிந்தது. நம்பிக்கை வந்தால் கூட்டம் முண்டாது. முண்டாத கூட்டத்தை வேகமாக இறக்கலாம். படகோட்டிகளுக்கும் வெளிச்சம் கிடைத்தது.

பிறகு, சாய்ந்த கப்பலின் வலப்புறத்தில், 400 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் தன் கப்பலைக் குறுக்கே நிறுத்தினார். அதன் நீண்ட உடல் அலைகளைத் தடுத்து நடுவே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கியது. சின்னப் படகுகளுக்கு அது ஒரு தற்காலிகத் துறைமுகம். பத்துப் பதினொரு படகுகள் அதற்குள் போய்வரத் தொடங்கின. ஒரு கப்பல் மட்டும் 753 பேரை ஏற்றியது.

கயிற்றில் இறங்குவது

படகு கீழே வந்துவிட்டது. ஆனால் தளத்திலிருந்து படகுவரை இறங்குவதுதான் அன்றைய கடினமான பகுதி. மூன்று விதமான வழிகள் இருந்தன: வெறும் கயிறு, நூலேணி, வலை. ஆண்ட்ரியா டோரியாவில் மூன்று நீச்சல் குளங்கள். அவற்றின்மேல் கட்டும் வலைகளை அவிழ்த்துக் கப்பலின் ஓரத்தில் தொங்கவிட்டார்கள். நல்ல யோசனை, ஏனென்றால் வலையில் ஒரே நேரத்தில் பலர் இறங்கலாம். கால் வைக்க இடமும் கிடைக்கும்.

வெறும் கயிற்றில் இறங்கியவர்கள் பலருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்தது. கயிற்றை இறுகப் பிடித்தபடியே சறுக்கினால் உராய்வின் சூட்டில் கை வெந்துவிடும். வலியில் கை விட்டால் விழ வேண்டியதுதான். கயிற்றைக் கால்களுக்கு நடுவே பின்னி, கை மாற்றிக் கை பிடித்து இறங்க வேண்டும். தென்னை ஏறுகிறவர் இறங்குவதைப் பார்த்திருந்தால் இது புரியும். நூலேணியில் இறங்கும்போது படிக்கட்டையைப் பிடிக்காமல் ஓரத்துக் கயிற்றைப் பிடிப்பது நல்லது. படியைப் பிடித்தால் மேலே இறங்கி வருகிறவர் உங்கள் விரலை மிதித்துவிடுவார்.

குழந்தைகளை அக்குளுக்குக் கீழே கயிறு கட்டி மெல்ல இறக்கினார்கள். படகில் இருந்தவர்கள் போர்வையை நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சிலரைத் தாங்கினார்கள். அவசரத்தில் தன் நான்கு வயது மகளைக் கீழே படகில் இருந்தவர்களிடம் போட்ட ஒரு தந்தையின் கை குறி தவறியது. குழந்தையின் தலை படகின் விளிம்பில் மோதியது. ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தும் பிழைக்கவில்லை. அவர் அன்பில்லாமல் செய்யவில்லை, காப்பாற்றத்தான் செய்தார். கீழே அசையும் படகைக் குறி வைப்பது யாராலும் முடியாத காரியம். கட்டி இறக்கும் அந்த இரண்டு நிமிடத்தை எப்படியாவது ஒதுக்க வேண்டும் என்று மீட்புப் பயிற்சிகளில் வலியுறுத்துவது இதனால்தான்.

கப்பலின் உள்ளே வேறொரு மீட்பு நடந்துகொண்டிருந்தது. இடிபட்ட அறைகளில் இரண்டு பெண்கள் இடிபாட்டுக்கு அடியில் சிக்கியிருந்தார்கள். ஒருவரின் கணவரும் ஒரு சிப்பந்தியும் பல மணி நேரம் போராடி ஒருவரை விடுவித்தார்கள். மற்றவரை விடுவிக்கக் கனமான ஜாக்கி ஒன்று தேவைப்பட்டது. கார்ச் சக்கரம் மாற்றும்போது வண்டியைத் தூக்குமே, அதன் பெரிய வடிவம். அது வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

விடுவிக்கப்பட்ட பெண்ணுக்கு 14 வயதில் ஒரு மகள். பக்கத்து அறையில் தன் தங்கையோடு தூங்கியவள். தங்கை இறந்துவிட்டாள். இவளும் போய்விட்டாள் என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் ஸ்டாக்ஹோமின் நசுங்கிய முன்தளத்தில், அலை தடுக்கும் தாழ்ந்த சுவருக்குப் பின்னால் ஒரு சிறுமி ஸ்பானிய மொழியில் அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. மோதியபோது உள்ளே பாய்ந்த அணியம் அவளைப் படுக்கையோடு வாரி எடுத்திருக்கிறது. கப்பல்கள் பிரிந்தபோது அவள் அங்கேயே தங்கிவிட்டாள். கை முறிந்திருந்தது, உயிர் பத்திரம். அவள் பெயர் ஸ்டாக்ஹோமின் பயணிகள் பட்டியலில் இல்லாததால் சிப்பந்திகள் திகைத்தார்கள். அவர்களில் ஸ்பானிய மொழி தெரிந்த ஒருவர் பேசிய பிறகுதான் அவள் எந்தக் கப்பலைச் சேர்ந்தவள் என்று விளங்கியது.

நேரம் கொடுத்த கப்பல்

இந்த மீட்பை டைட்டானிக்கோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. டைட்டானிக் 2 மணி 40 நிமிடத்தில் மூழ்கியது. உறைபனியளவு குளிர்ந்த நீரில் விழுந்தவர்கள் குளிராலேயே இறந்தார்கள். முதல் கப்பல் வந்து சேர்ந்தபோது டைட்டானிக்கே இல்லை. ஆண்ட்ரியா டோரியா 11 மணி நேரம் மிதந்தது. ஜூலை மாதக் கடல், அமைதியான அலை, நியூயார்க்குக்குப் போகும் வழியாதலால் சுற்றிலும் கப்பல்கள். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் எண்ணிக்கை மாறியிருக்கும். ஆண்ட்ரியா டோரியாவில் இறந்த 46 பேரில் ஏறக்குறைய எல்லோரும் மோதிய இடத்து அறைகளில் இருந்தவர்கள்.

பிறகு விதிகளும் மாறின. ராடார் திரையை வெறுமனே பார்ப்பது போதாது, குறித்துக் கணக்கிட வேண்டும் என்ற பயிற்சி கட்டாயமானது. ஒரு கப்பலின் கேப்டன் எதிரே வரும் கப்பலின் கேப்டனோடு நேரடியாக வானொலியில் பேசும் முறை பரவியது. அன்று அந்த வசதி இருந்து, நான் இந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்றைய விதிப்படி 20 பாகை சாய்ந்த கப்பலிலிருந்தும் படகை இறக்க முடிய வேண்டும். அப்படியும் 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற இத்தாலியக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அதே தொல்லை திரும்ப வந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பல பயணிகளுக்கு எங்கே கூட வேண்டும் என்றே சொல்லியிருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ பயணிகளுக்கு அந்த ஒத்திகையை நடத்தியே ஆக வேண்டும்.

கலமாய் கப்பலைவிட்டு வர மறுத்தார். நீங்கள் வராவிட்டால் நாங்களும் திரும்ப ஏறிவிடுவோம் என்று அவருடைய அதிகாரிகள் சொன்ன பிறகுதான் விடிகாலையில் இறங்கினார். அவரையும் கடைசியாக வந்தவர்களையும் சேர்த்து எட்வர்ட் எச். ஆலன் என்ற போர்க்கப்பல் 77 பேரை ஏற்றியது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 753, 542, 158, 129, 77. மொத்தம் 1,659.

தப்பியவர்கள் 1,660 பேர். விடுபட்ட அந்த ஒருவர் வேறொரு கப்பலின் மாலுமி. முதுகிலும் கையிலும் அடிபட்டு, ஆண்ட்ரியா டோரியாவில் நோயாளியாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். வலி மருந்தின் மயக்கத்தில், மோதியதுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டார். அறை அறையாகத் தட்டிப் பார்க்க ஆளும் இல்லை, யார் யார் இறங்கினார்கள் என்ற பட்டியலும் இல்லை. ஐந்து கப்பல்களில் சிதறிப் போனவர்களை அங்கே எண்ணவும் முடியாது. அவர் கண் விழித்தபோது கப்பல் இருட்டாக இருந்தது. சாய்ந்த சுவர்களைப் பிடித்து ஊர்ந்து தளத்துக்கு ஏறி வந்தால், மனித அரவமே இல்லை. பின்பக்கத்தில் தொங்கிய வலையைப் பற்றிக்கொண்டு, முறிந்த உடம்போடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எண்ணெய்க் கப்பலான ராபர்ட் இ. ஹாப்கின்ஸ், மற்றவை ஏற்றி முடித்த பிறகும் அங்கேயே இருந்தது. அதன் படகு காலையில் அவரை எடுத்துக்கொண்டது.

10.09 மணிக்கு ஆண்ட்ரியா டோரியா வலப்புறமாகப் புரண்டு மூழ்கியது. இடப்புறத்து எட்டுப் படகுகளும் கடைசிவரை யாருக்கும் உதவவில்லை.